இரண்டு அடுப்பு எரியும் வீடு

திருப்பதியில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள் நான். கடன் கேட்டு வருகிறவர் நாற்காலியில் உட்காரும் விதத்தை வைத்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. பாதி நேரம் அது தப்பாகப் போகும். அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

அந்தக் கர்வம் எங்கள் மேலாளர் காதுவரை போயிருக்க வேண்டும். சித்தூர் ஜில்லாவைப் பிரித்துத் திருப்பதியைத் தனி ஜில்லா ஆக்கிய பிறகு, இரண்டு ஜில்லாவுக்கும் பொதுவாக ஒரு வீட்டு நிதியம் தொடங்கப் போகிறார்கள், வங்கி சார்பில் நீங்கள் போங்கள் என்று என்னை அனுப்பிவிட்டார். யோசனை எளியதுதான். நிலம் அரசாங்கத்துடையது. பணத்தில் ஒரு பங்கு சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலைகள் போடும், மீதியை வங்கி கொடுக்கும். சொந்த வீடு இல்லாத கூலிக்காரர்களும் தொழிற்சாலை ஆட்களும் மாசாமாசம் தங்களால் முடிந்ததைக் கட்டி வீட்டைச் சொந்தமாக்கிக் கொள்ளலாம். கேட்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நகரிப் பக்கம் ஒரு காலனியில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் ஏழு பேரோடு வளர்ந்தவள்.

கண் கலங்கியது முதல் நாளோடு சரி. அப்புறம் கூட்டங்கள் ஆரம்பித்தன. ஒரு மாதம் சித்தூரில், மறு மாதம் திருப்பதியில். பங்காளிகள் சொத்தைப் பிரித்துக்கொண்ட மறுநாள் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் அந்தக் கூட்டம். நிதியத்தின் ஆபீஸ் எந்த ஊரில் இருப்பது என்பதிலேயே மூன்று கூட்டம் போனது. சித்தூரில் போட்டால் சூளூர்பேட்டைக்காரர் வருவதற்குள் பொழுது போய்விடும் என்பார்கள். திருப்பதியில் போட்டால் எங்களுக்கு என்ன மரியாதை என்று கங்காதர நெல்லூர்ப் பக்கத்து ஆட்கள் முறைப்பார்கள். நான் ஒரு நாள் பொறுக்கமுடியாமல், புத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சு போட்டுவிடலாம், இரண்டு பேருக்கும் பாதி வழி என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சித்தூர் அதிகாரி ஒருவர் மட்டும் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த தெலுங்குக்காரர் அவர். அதிகம் பேசமாட்டார்.

தொழிற்சாலைகள் சார்பில் வந்தவர் சென்னையிலிருந்து வரும் ஓர் இளைஞர். கெட்டிக்காரர், நல்ல மாதிரி. எல்லாவற்றையும் மடிக்கணினியில் கட்டம் கட்டிக் காட்டுவார். கட்டத்துக்குள் வராததை அவருக்கு நம்பத் தெரியாது.

எனக்குக் கொடுத்த வேலை விண்ணப்ப ஃபாரம். பதினொரு பக்கமாக இருந்ததை வெட்டி வெட்டி ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். தெலுங்கில் ஒன்று, எங்கள் எல்லை ஊர்களுக்காகத் தமிழில் ஒன்று. அதில் முக்கியமான கேள்வி இரண்டுதான். குடும்பத்துக்குச் சொந்த வீடு இருக்கிறதா? இருந்தால், நீங்கள் பெற்றோரிடமிருந்து பிரிந்த தனிக் குடும்பமா? அப்பன் பேரில் வீடு இருந்து, பிள்ளை அவரோடு ஒன்றாகவே இருந்தால் வீடு கிடையாது. பிரிந்த குடும்பம், தனக்கென்று வீடு இல்லை என்றால் உண்டு. இருக்கிறவனே இன்னொன்று வாங்கிவிடக் கூடாதே என்பதற்காக அந்த நிபந்தனை. ஒரே பக்கத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் என் கணவரிடம் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவையும் சொன்னார்.

கிராம சச்சிவாலயம் என்கிற ஊர் அரசாங்க ஆபீஸ் ஆட்கள் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். சத்தியவேட்டுக்குப் போகும் வழியில் ஒரு தமிழ் ஊர். அங்கேதான் முதல் வீடுகள் என்று நிலம் அளந்து கல்லும் நட்டிருந்தோம். அந்த ஊரிலிருந்து வந்த ஃபாரங்களைப் பார்த்தால், தகுதியுள்ளவர் கை விரலில் அடங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் அப்பன் பேரில் காலனி வீடு இருந்தது. பிரிந்த குடும்பமா என்ற கேள்விக்கு ஊர் மொத்தமும் இல்லை, இல்லை, இல்லை என்றே எழுதியிருந்தது. சென்னை இளைஞர் கட்டத்தைக் காட்டி, இந்த ஊரில் தேவையே இல்லை மேடம், இந்த வீடுகளைச் சூளூர்பேட்டைப் பக்கம் மாற்றிவிடலாம் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆட்டியது உண்மை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த ஊரிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடித் திருப்பதிக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். செல்போனுக்கு ஏதோ பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வாரத்தில் அவளுக்கு விடுப்பு அந்த ஒரு நாள்தான். இடுப்பில் ஒன்று, கையில் பிடித்தபடி ஒன்று என்று இரண்டு பெண் பிள்ளைகளோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தன் பேர் ஏன் லிஸ்டில் வரவில்லை என்று கேட்டாள்.

அவளுடைய ஃபாரத்தைத் தேடி எடுத்தேன். வீடு மாமனார் பேரில். ஒரே குடும்பம் என்று எழுதி, மாமனார் கையெழுத்து. இதோ நீங்களே சொல்லியிருக்கிறீர்களே, ஒன்றாக இருக்கிறவர்களுக்குக் கிடையாது என்றேன். அவள் இடுப்புப் பிள்ளையை மடிக்கு மாற்றிக்கொண்டாள். காலனி வீடென்றால் ஒற்றை அறைதான், அதில் எத்தனை பேர் என்று கேட்டேன். தானும் புருஷனும் பிள்ளைகளும் உள்ளே, மாமனார் தாழ்வாரத்தில் சாக்குத் தொங்கவிட்டுப் படுக்கிறார், மழை பெய்தால் எல்லாரும் உட்கார்ந்தே விடிய வேண்டும் என்றாள். புருஷன் லாரியில் போகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை.

சாப்பாடு ஒன்றாகவா என்று, எதற்குக் கேட்டேனோ, கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். மாமனார் தனியாகப் பொங்கிக் கொள்கிறார். மூன்று நான்கு வருஷமாக அப்படித்தான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பின்னே ஏன் ஒரே குடும்பம் என்று சொன்னீர்கள், இதைச் சொல்லாமல் விட்டால் நான் என்ன ஜோசியம் பார்க்கவா என்று கத்திவிட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "மாமா பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு மேடம். அவர வெச்சிக்கினு நாங்க வேறன்னு எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் அப்பன் உயிரோடிருக்கையில் பிள்ளை வேறு அடுப்பு மூட்டினால், அந்த வீட்டில் என்னவோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அதிலும் பெண்டாட்டியை இழந்த கிழவர் தானே பொங்கித் தின்றால், பெத்தவனுக்கு ஒரு வாய் சோறு போடாதவன் என்று பிள்ளைக்குப் பேர் வந்துவிடும். அதனால் வீட்டுக்கு வீடு இரண்டு அடுப்பு எரியும், எரியாத மாதிரி இருக்கும். வெளியாள் தலை தெரிந்ததும் ஓர் அடுப்பு கட்டிலுக்கடியில் போய்விடும். ஒருத்தரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எங்கள் அப்பாவும், நைனா என்போம், கடைசி நான்கு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டார். அம்மா போன பிறகு, அண்ணன் வீட்டுப் பின்பக்கம், ஒரு சின்ன அலுமினியப் பானையில். நான் திருப்பதியிலிருந்து போகும் நாளில் அந்தப் பானை இருக்காது. அவரும் அண்ணனோடு உட்கார்ந்து, நிறைய வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். நான் ஒரு தடவை கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த பானையைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். அப்படிப்பட்டவள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் மென்று முழுங்கும் விஷயத்தையே கேள்வியாக எழுதி, இல்லை என்று பதில் வந்ததும் அப்படியே நம்பினேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே அந்த ஊருக்குப் போனேன். புத்தூர், நாகலாபுரம் என்று பஸ் நின்று நின்று போய், இறங்கும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. கிழவர் வீட்டு வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். நான் யாரென்று சொன்னதும் எழுந்து உள்ளே போனார். இரும்பு ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து, உள்ளே வாங்கம்மா என்றார். கயிற்றுக் கட்டிலின் அடியில், சாக்கு போர்த்தி, ஓர் அடுப்பு. சாக்கின் ஓரத்தில் புகை கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. நான் அந்தக் கட்டிலிலேயே உட்கார வைக்கப்பட்டேன். சாக்கு பற்றிக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம். அவருக்கும் அதே பயம் என்று முகத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மெல்ல விஷயத்துக்கு வந்தேன். தனியாகச் சமைத்தால் அதில் தப்பில்லை, சொன்னால் உங்கள் பிள்ளைக்கு வீடு வரும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இன்னாமா கேக்கற. ஒரே வூடு, ஒரே சோறு. எழுதிக்க."

மருமகள் சுவரோரம் நின்றிருந்தாள், அன்றைக்கு அவளுக்கு மதிய ஷிஃப்ட். வெளியே வந்து பஸ்ஸுக்கு என்னோடு நடக்கும்போதுதான் எப்படி ஆரம்பித்தது என்று சொன்னாள். சண்டை ஒன்றும் இல்லை. முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் விடியுமுன்னே வந்துவிடும். அதற்கு முன் அவள் எழுந்து சமைத்துவிட்டுப் போனால், மாமனார் சாப்பிடும் பத்து மணிக்கு எல்லாம் ஆறிப்போயிருக்கும். அவருக்குச் சுடச்சுடக் களி வேண்டும். மாமியார் இருந்தபோது, நீ உனக்கு ஆக்கிக்கோ, நான் எங்களுக்கு ஆக்கிக்கிறேன் என்று மாமியாரே பிரித்தாள். மாமியார் செத்த பிறகு இவள் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். ஓடியோடி உழைக்கிற பெண்ணுக்கு நான் ஒரு சுமையா என்று அவர் வரவேயில்லை. இவள் குழம்பு அங்கே போகும். அவர் கிண்டிய களியில் ஓர் உருண்டை பிள்ளைகளுக்கு வரும். இதற்குப் பேர்தான் அந்த ஊரில் பிரிவு. எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. பஸ் வந்ததால் தப்பித்தேன்.

அடுத்த கூட்டம் சித்தூரில். என் கேள்வியை நானே அடித்துவிட்டு வேறு ஒன்று எழுதிக்கொண்டு போனேன். பிரிந்துவிட்டீர்களா என்று கேட்கக் கூடாது. இந்தக் கூரைக்குக் கீழே எத்தனை அடுப்பு எரிகிறது என்று மட்டும் கேட்க வேண்டும். எத்தனை அடுப்போ அத்தனை குடும்பம். ஏன் பிரிந்தார்கள், யார் பிரித்தது, அதெல்லாம் நமக்கு எதற்கு என்றேன். சென்னை இளைஞர் சிரித்துவிட்டார். அப்படியானால் எல்லாரும் நாளைக்கே ஓர் அடுப்பு வாங்கி வைத்துவிடுவார்கள், எங்கள் கம்பெனிக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சித்தூர் அதிகாரி அப்போது வாயைத் திறந்தார். தன் வீட்டிலும் தாய் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறாள், ஒன்பது வருஷமாக, இது தன் சொந்தத் தம்பிக்கே தெரியாது என்று தெலுங்கில் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.  அதற்கப்புறம்தான் என் கேள்வி நிறைவேறியது. ஆனால் இளைஞர் ஒரு நிபந்தனை வைத்தார். ஏமாற்று நடக்காமலிருக்க, வீட்டின் பெரியவர் கிராம சபையில் எழுந்து, ஊர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெரியாமல் பொய் சொல்ல முடியாது அல்லவா என்றார். நான் எவ்வளவோ வாதாடினேன். எல்லாருக்கும் அது சரியென்று பட்டுவிட்டது. மறைத்து வைக்கிற ஒன்றை மேடை போட்டுச் சொல்லச் சொல்கிறோம் என்று நான் கத்தியது குறிப்பில்கூட ஏறவில்லை.

கிராம சபை சச்சிவாலயத்துக்கு முன்னால், வேப்பமர நிழலில் நடந்தது. இரண்டு ஜில்லாவிலிருந்தும் அதிகாரிகள் வந்திருந்தார்கள். எம்.ஆர்.ஓ. ஆபீஸ், அதாவது தாசில்தார் ஆபீஸ் ஆள் தெலுங்கில் விஷயத்தைச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். எத்தனை அடுப்பு என்று வீட்டுக்கு வீடு பேர் வாசித்தார்கள். ஒன்று, ஒன்று என்று பதில் வந்துகொண்டே இருந்தது. பெரியவர்கள் எழுந்து ஒன்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மருமகள்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல் நட்ட நிலம் அவ்வளவுதான், சூளூர்பேட்டைக்குப் போய்விட்டது என்று நான் நினைத்தேன். இளைஞர் மடிக்கணினியை மூடியே விட்டார்.

கிழவர் பேர் வந்தது. அவர் எழுந்தார். அவருடைய மருமகள் அன்றைக்கு விடுப்பு எடுத்து வந்திருந்தாள். கையிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். எத்தனை அடுப்பு என்று கேட்டார்கள். தோள் துண்டை எடுத்து மடித்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அதிகாரிகளைப் பார்க்காமல், ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எங்கூட்டுல ரெண்டு அடுப்பு எரியுது. எம்மவன் சோறு போடலன்னு எவனும் பேசக்கூடாது. பிரிஞ்சவன் நான்தான். அதுங்க கூப்புட்டுக்கினுதான் கீதுங்க, நான்தான் போவல."

அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை, அப்படியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அந்த ஊரில் அவர் யாருக்கும் தலைகுனிந்து நடந்தவர் இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அன்றைக்கு மண்ணைப் பார்த்துக்கொண்டே போனார். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.  எம்.ஆர்.ஓ. ஆபீஸ் ஆள் கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டார். இரண்டு என்றேன். மீதியையும் சொல்லுங்கள், குறிப்பில் எழுத வேண்டும் என்றார். இரண்டு, அவ்வளவுதான் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

அவர் போன பிறகு, ஏற்கெனவே ஒன்று என்று சொல்லி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, எங்க வூட்லயும் ரெண்டுதான் என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒரு வீட்டில் மூன்று. அன்றைக்கு அந்த ஊர் எத்தனை அடுப்பை வெளியே எடுத்தது என்று இளைஞர் எண்ணிக்கொண்டே போனார், முதல் தடவையாகக் காகிதத்தில், பென்சிலால். நிலம் அங்கேயே இருந்தது.

வீடு கட்டி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மணல் இல்லை என்று ஒரு மாதம், மழை என்று இரண்டு மாதம். நான் மேஸ்திரிகளோடு போட்ட சண்டையைத் தனியாக எழுதலாம். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் குளியலறை. பெரிய வீடில்லை. ஆனால் சமையலறைக்கு ஜன்னல் வேண்டும் என்று நான் அடம்பிடித்து வாங்கினேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிற நாளில், விதிமுறைகளைத் தமிழில் உரக்க வாசிப்பது என் வேலை. பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் வீடு திரும்பப் பெறப்படும் என்ற வரியையும் உரக்க, நிறுத்தி, தெளிவாகத்தான் வாசித்தேன். பொய் சொல்லி வாங்கி வாடகைக்கு விட்டுவிடுவார்களோ என்று கம்பெனிகளுக்குப் பயம், அதற்காகப் போட்ட வரி. கிழவர் அன்றைக்குக் கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் பேரில்தான் வீடு. அவள் கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை நழுவியது.

குடிபோய் ஆறு மாதம் கழித்து, யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுத நிதியம் ஆள் அனுப்ப வேண்டும். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை, நானே போனேன். சச்சிவாலயத்து வண்டியில் போய் இறங்கினேன். புது வீடுகள் வரிசையாக நின்றன. ஒரு வீட்டுக்கு நீலம், ஒரு வீட்டுக்கு மிளகாய்ச் சிவப்பு என்று ஆளுக்கொரு வர்ணம் அடித்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். தெரு முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வாசனை.

அவள் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. நான் வாசலை நெருங்கும்போது உள்ளே பிள்ளைகள் பேச்சு சட்டென்று நின்றது. அடுத்த நிமிஷம் பின்பக்கக் கதவு திறக்கும் சத்தம். பக்கவாட்டுச் சந்தில் எட்டிப் பார்த்தேன். கிழவர் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, பழைய காலனி வீட்டை நோக்கி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார். தட்டில் சோறு பாதி இருந்தது. மற்றொரு கையில் பிசைந்த சோறு ஒட்டியிருந்தது. அதைக் கீழே விடாமல், எதன் மீதும் படாமல், உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனார்.

நான் கூப்பிட்டதும் நின்றார். திரும்பிப் பார்த்து, அவசரமாகச் சொன்னார். "நான் அங்கதாம்மா துன்றேன். தெனம் அங்கதான். இன்னிக்கு கொழம்பு வாங்க வந்தேன்."

மருமகள் பின்வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. குடிவந்த மூன்றாம் நாளே அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்துவிட்டாளாம். இனிமேல் இங்கேதான், தனியாகப் பொங்கினால் நான் ஷிஃப்டுக்கே போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அதிலிருந்து ஒரே அடுப்புதான். ஆனால் அவர் காதில் நான் வாசித்த அந்த வரி விழுந்திருந்தது. ஊர் முன்னால் இரண்டு என்று சொல்லி வாங்கிய வீடு, ஒன்று என்று தெரிந்தால் பொய்யாகிவிடும், பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவராக முடிவு கட்டியிருக்கிறார். தெருவில் புதிதாக ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் போதும், ஆறு மாதமாகத் தட்டோடு எழுந்து பழைய வீட்டுக்கு ஓடுகிறார் என்று அவள் சொன்னாள். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவனுக்கும் எழுந்து ஓடினாராம். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனுக்கும்.

சாப்பிடுகிற மனுஷனை எழுப்பக் கூடாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவன்கூட வாசலில் நிற்பான், சாப்பிட்டு வரட்டும் என்பான். நான் வாசித்த ஒரு காகிதம் ஒரு கிழவரை ஆறு மாதமாக நித்தமும் பாதிச் சோற்றில் எழுப்பிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் போட்ட நாளில் இரண்டு எரிந்தது நிஜம், இன்றைக்கு ஒன்று எரிவது அவர்கள் சந்தோஷம், இதில் எந்தப் பொய்யும் இல்லை. இதைப் பிறகு கூட்டத்தில் சண்டை போட்டு எழுத்திலேயே வாங்கிவிட்டேன். ஆனால் அந்தச் சந்தில் நிற்கும்போது எனக்கு விதி எதுவும் ஞாபகத்தில் இல்லை. அவர் கையில் காய்ந்துகொண்டிருந்த சோற்றைத்தான் பார்த்தேன். நைனாவைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் இரண்டு அடி திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வூட்டத் திருப்பி எடுத்துக்குவாங்களாமா?"

"மாட்டாங்க பெரியப்பா," என்றேன். ஆபீஸ் பேச்சு எங்கே போனதோ தெரியவில்லை. "நான் கீறேன். நீ வா, வந்து ஒக்காந்து துன்னு."

அவர் என்னை நம்பவில்லை. மருமகளைப் பார்த்தார். அவள் வந்து தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் பின்னாலேயே போனார். ஆறின சோற்றை அவள் எடுத்துவிட்டு, சட்டியிலிருந்து சுடச்சுட வைத்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள், கேட்காமலே. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பையிலிருந்த ஃபாரத்தை வெளியே எடுக்கவில்லை. வெளியே எங்கள் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதாம். கிழவர் சட்டென்று நிமிர்ந்தார். ஒன்றுமில்லை, நம்ம வண்டிதான் என்றேன். அவர் மறுபடி குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். மெதுவாகத்தான் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை நான் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.